நாலு போல்ட்டு

ஆவணிக் கடைசியில் ஷட்டரை இறக்கினவன்தான் கலியவரதன்.
மார்கழி வந்துவிட்டது.
போன் போட்டால் ஒரு பெண்
இந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறாள்,
எனக்குத் தெரியாததுபோல.

இருந்தபோது மூன்று மாசம், போன பிறகு நாலு.
ஏழு ஐந்து முப்பத்தைந்து.
முப்பதாயிரம் அட்வான்ஸ் கரைந்து
இன்னும் ஐயாயிரம் அவன் பக்கம் நிற்கிறது.
அவன் எந்தப் பக்கம் நிற்கிறானோ.

பூட்டை உடைத்தோம்.
டீசல் வாடை முதலில் வெளியே வந்தது.
ஆணியில் ஊதாச் சட்டை, பாக்கெட்டில் ஸ்பார்க் பிளக்.
மூன்று படகு எஞ்சின்கள் மரச்சட்டத்தில்
தலை தொங்கவிட்டு நின்றன.
மூலையில் கம்ப்ரசர்.
நடுவில், சிமெண்டுத் தரையில்
நாலு போல்ட்டுப் போட்டு இறுக்கின
டிரில்லிங் மெஷின்.

கம்ப்ரசர் எங்களுது என்றான் ஃபைனான்ஸ் பையன்.
ஸ்டிக்கரைக் காட்டினான்.
அவனுக்கும் எனக்கும் ஒரே ஆள்தான் கடன்காரன்.
அந்த உறவுக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பினேன்,
கம்ப்ரசரோடு.

சோனங்குப்பத்திலிருந்து அஞ்சாப்புலி வந்தார்.
"நடுவுல இருக்கிறது என்னுது."
என்ன அத்தாட்சி?
"மூடியைத் தூக்கிப் பாருங்க, எம்பொண்ணு பேரு இருக்கும்."
இருந்தது. சிவப்புப் பெயிண்ட்டில் நிவஷினி.
வாவுக்குக் கால் போட மறந்திருக்கிறார்.
சாமான் வாங்க நாலாயிரம் கொடுத்தாராம் அவனிடம்.
அதற்கு நான் என்ன செய்ய?
கையெழுத்து வாங்கிக்கொண்டு எஞ்சினைக் கொடுத்தேன்.
மற்ற இரண்டுக்கும் மூடிக்குள் பேர் இல்லை,
கேட்டு வர ஆளும் இல்லை.

காயலான்கடை மஜீத்
டிரில்லிங் மெஷினை ஒரு தட்டுத் தட்டி
கிலோ முப்பத்திரண்டு என்றார்.
"போல்ட்டைக் கழட்டுற கூலி உங்களுது."

வக்கீலம்மா முதலில் திட்டினார்,
யாரைக் கேட்டுப் பூட்டை உடைச்சீங்க என்று.
பிறகு கேட்டார்:
"சும்மா வச்சதா, தரையோட பொருத்தினதா?"
பொருத்தினது தரையோடு சேரும் என்று ஒரு பேச்சாம்.
போகிறவன் கழற்றிக்கொள்ளலாம் என்று இன்னொரு பேச்சாம்.
சொல்லாமல் போனவனுக்கு என்ன பேச்சென்று
பார்த்துச் சொல்கிறாராம்.
எதற்கும் ஒரு நோட்டீஸ் விடுங்கள்.

விட்டேன்.
ஒப்பந்தத்தில் இருந்த ஒரே விலாசம் என் கடை விலாசம்.
நாலாம் நாள் தபால்காரர்
பதிவுத் தபாலை என்னிடமே நீட்டினார்.
கலியவரதனுக்காகக் கையெழுத்துப் போட
நான் மறுத்துவிட்டேன்.

அன்று ராத்திரிதான் அது உறைத்தது.
தரையோடு சேர்ந்தது தரைக்காரருக்கு என்றால்
தரை யாருடையது?
முதுநகரில் எங்கள் வரிசை முழுக்கக் கோயில் மனை.
மண் சாமியுடையது, கட்டடம்தான் என்னுடையது.
வருஷா வருஷம் பகுதிப் பணம் கட்டணும்,
இரண்டு வருஷமாக நான் கட்டவில்லை.
செங்கல், ஆஸ்பெஸ்டாஸ், ஷட்டர்,
போன வருஷம் கடன் வாங்கிப் போட்ட கக்கூஸ்,
எல்லாமே இன்னொருத்தர் இடத்தில்
நான் போட்டுவைத்திருக்கிற சாமான்.
சாமி ஒருநாள் பூட்டை உடைத்தால்
எதை எடுத்து வெளியே வைப்பார்,
எதற்குக் கையெழுத்துக் கேட்பார்?

மஜீத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.
காலையில் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்.
யார் சொத்தென்று விசாரித்துவிட்டா
உப்புக்காற்று துருப்பிடிக்க வைக்கிறது?

எண்ணெய்க் கையைத் துடைக்கையில்
இரும்புத் தகடோடு ஒரு பையன் வந்தான்.
"மெக்கானிக் அண்ணன் இல்லியா? ஒரு தொளை போடணும்."
இல்லை.
போகாமல் நின்றான்.
சுவிட்சைத் தேடிப் போட்டேன். சுற்றியது.
அவனே தகட்டைப் பிடித்துக்கொண்டான்,
நான் கைப்பிடியை இழுத்தேன்.
சுருள் சுருளாக இரும்பு வெள்ளையாய் வந்தது.

அண்ணன் எவ்வளவு வாங்குவார்?
"இருவது."

நோட்டில் கலியவரதன் பக்கத்தைத் திருப்பி
வரவு வைத்தேன், பதினெட்டு ரூபாய்.
கரண்டுக்கு இரண்டு கழித்துக்கொண்டேன்.